டிரவுட் மீனுக்கு எந்த இரை? பெட்டியைத் திறக்குமுன் நான்கு கேள்விகள்

நியூசிலாந்தின் வட தீவுக்கு நடுவே டாவ்போ என்றோர் ஏரி இருக்கிறது. எரிமலை வெடித்த பள்ளத்தில் நீர் நிரம்பி உருவான ஏரி அது. பரப்பளவு 616 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடச் சற்றுச் சிறியது. மிக ஆழமான இடத்தில் 186 மீட்டர். டிரவுட் மீனுக்கு உலகப் புகழ்பெற்ற இடம் என்பதால், விடுமுறைக்குச் செல்லும் நம் நாட்டுத் தூண்டில்காரர்கள் பலரும் ஒரு நாளாவது அங்கே தூண்டில் போட ஆசைப்படுவார்கள்.

ஏரிக்கரை ஊரில் உள்ள தூண்டில் கடைக்குள் நுழைந்ததும் தலை சுற்றும். சுவர் முழுக்கப் போலி இரைகள். நம் ஊரில் கெவாங் என்றும் லூர் என்றும் சொல்வோமே, அவைதாம். சிவப்புப் புள்ளி வைத்தது, தங்க நிறம், பச்சைக் கோடு போட்டது, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, வெள்ளி என நூற்றுக்கணக்கில் தொங்கும். எதை எடுப்பது?

பெரும்பாலோர் நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறோம். நானும் அப்படித்தான் எடுத்தேன். பத்து நிறங்களில் பத்து இரைகள். இரண்டு நாள் கரையில் நின்று ஒன்றை மாற்றி ஒன்றாகப் போட்டும் ஒரு மீன்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை, பக்கத்தில் நின்றிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என் பெட்டியை எட்டிப் பார்த்தார். நிறத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. "உங்கள் இரை எத்தனை மீட்டர் ஆழத்தில் போகிறது?" என்று மட்டும் கேட்டார். மாணவர்களுக்கு அறிவியல் சொல்லித்தரும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இரையைத் தேர்ந்தெடுக்க நான்கு கேள்விகள் போதும். மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது? அது இப்போது எதைத் தின்கிறது? இரை எப்படி அசைய வேண்டும்? எந்த நிறம்? வரிசையைக் கவனியுங்கள். நாம் முதலில் கேட்கும் கேள்வி உண்மையில் கடைசியில் வர வேண்டியது.

கரண்டியும் தக்கையும்

போலி இரைகளின் வரலாறே இதற்கு ஒரு சான்று. அமெரிக்காவின் ஜூலியோ பியுயெல் என்பவர் படகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்டி கைதவறி ஏரியில் விழுந்ததாம். அது பளிச் பளிச்சென்று மின்னியபடி ஆடி ஆடிக் கீழே போக, ஒரு பெரிய மீன் பாய்ந்து வந்து அதைக் கவ்வியதாம். கதை எவ்வளவு உண்மையோ, பியுயெல் 1852ஆம் ஆண்டு கரண்டி வடிவத் தூண்டிலுக்குக் காப்புரிமை பெற்றது பதிவான செய்தி. இன்றும் அந்த வகை இரைக்கு ஸ்பூன் என்றுதான் பெயர்.

பின்லாந்தின் லௌரி ராபாலா ஓர் ஏழை மீனவர். ஏரியில் பெரிய மீன்கள் வேட்டையாடுவதை அவர் பல நாள் கவனித்தார். நூற்றுக்கணக்கான சிறு மீன்கள் கூட்டமாக நீந்தும்போது, மற்றவற்றைவிடச் சற்றே தள்ளாடி நீந்தும் ஒன்றைத்தான் பெரிய மீன் குறிவைத்தது. 1936இல் அவர் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளை அதன்மேல் ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசி, தள்ளாடும் மீன் ஒன்றைச் செய்தார். இன்றைய ராபாலா இரைகளின் முன்னோடி அதுதான்.

இந்த இரண்டிலும் வண்ணம் முதன்மையானதன்று. ஒன்று வெறும் உலோகப் பளபளப்பு. மற்றொன்று சாக்லேட் தாள். மீனை ஈர்த்தவை ஒளியும் ஆட்டமும்.

முதல் கேள்வி: எந்த ஆழம்?

டிரவுட் குளிர்நீர் மீன். நமக்கு உடல் வெப்பநிலை எப்போதும் 37 பாகைதான். மீனுக்கு அப்படியில்லை; சுற்றியுள்ள நீர் எவ்வளவு குளிரோ, அதன் உடலும் அவ்வளவு குளிர். டிரவுட் நன்றாக இரை தேடுவது ஏறக்குறைய 10 முதல் 16 பாகை செல்சியசில். நீர் 20 பாகையைத் தாண்டினால் அது திணறத் தொடங்குகிறது.

காரணம் ஆக்சிஜன். சூடான நீரில் வாயு குறைவாகவே கரையும். ஆறாமல் வைத்த 100 பிளஸ் புட்டியைத் திறந்தால் குளிர்ந்ததைவிட வேகமாகப் பொங்குவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 10 பாகை நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 20 பாகையில் அது 9.1, நம் ஊர் நீரைப்போல 30 பாகையானால் 7.6. நீர் சூடேறும்போது மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் இடம் மாறத்தானே வேண்டும்?

நம் ஆண்டு இறுதி விடுமுறையின்போது அங்கே கோடைக்காலம். வெயிலில் சூடேறிய நீர் இலேசானது என்பதால் மேலே மிதக்கும். குளிர்ந்த, கனமான நீர் கீழே தங்கும். இரண்டுக்கும் இடையே வெப்பநிலை சட்டென்று குறையும் ஓர் அடுக்கு உருவாகும். கோடை முற்றும்போது ஏரியின் மேற்பரப்பு 20 பாகையை நெருங்கிவிடும். அப்போது விடியற்காலையில் மீன் கரையோரம் வந்தாலும், வெயில் ஏறியதும் கீழே போய்விடும். வெளிச்சமும் அதைக் கீழே தள்ளுகிறது. மீனுக்கு இமை கிடையாது. நம் கண்பாவைபோல அதன் கண்பாவை வெயிலில் சுருங்குவதும் இல்லை. ஆழமும் நிழலும்தான் அதற்குக் கறுப்புக் கண்ணாடி.

ஆகவே, பகல் பதினொரு மணிக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் இழுக்கப்படும் இரை எந்த நிறத்தில் இருந்தாலும், அதைப் பார்க்க அங்கே மீன் இல்லை. என் இரண்டு நாள் தோல்விக்குக் காரணம் இதுதான்.

உங்கள் இரை எவ்வளவு வேகமாக மூழ்கும் என்பதை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். முதலில் முட்களைக் கழற்றிவிடுங்கள். ஆழம் தெரிந்த ஒரு குளத்தின் ஓரத்தில் நூலில் கட்டிய இரையை விட்டு, தரை தொடும்வரை விநாடிகளை எண்ணுங்கள். இரண்டு மீட்டர் ஆழத்துக்கு நான்கு விநாடி ஆனால், விநாடிக்கு அரை மீட்டர் மூழ்குகிறது என்று பொருள். எட்டு மீட்டரில் மீன் இருக்கும் என்று நினைத்தால், இரை நீரில் விழுந்ததிலிருந்து பதினாறு எண்ணிவிட்டு இழுக்கத் தொடங்குங்கள். மீன் தொடவில்லையா? அடுத்த வீச்சில் இருபது எண்ணுங்கள். அதற்கும் இல்லையென்றால் இருபத்து நான்கு. வீசிய நூலின் இழுவையால் ஆழம் சற்றுக் குறையலாம். ஆனாலும் குருட்டாம்போக்கில் வீசுவதைவிட இது பல மடங்கு மேல்.

எடை கூடிய இரை விரைவாக மூழ்கும். ஒரே எடையில் தடித்துச் சிறுத்திருப்பது, மெலிந்து அகன்றிருப்பதைவிட விரைவாக மூழ்கும். நீரின் தடை பரப்பைப் பொறுத்தது. கடையில் ஒரே நிறத்தில் இரண்டு எடை இருந்தால், இரண்டையும் வாங்குவது இரண்டு நிறம் வாங்குவதைவிடப் பயன் தரும்.

இரண்டாம் கேள்வி: தட்டில் என்ன?

டிரவுட் நியூசிலாந்தின் சொந்த மீனன்று. பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் 1867இல் டாஸ்மேனியாவிலிருந்து வந்தன. அவற்றின் பூர்வீகம் இங்கிலாந்து. வானவில் டிரவுட் 1883இல் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுக்கும் இந்த மீனுக்கும் இதேபோன்ற உறவு உண்டு. நீலகிரியில் பல முறை முயன்று தோற்ற பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்ற ஆங்கிலேயர் டிரவுட்டை வேரூன்றச் செய்தார். அவலாஞ்சியில் அதற்கென மீன்குஞ்சுப் பொரிப்பகமும் அமைந்தது.

டாவ்போவுக்கு வந்து சேர்ந்த டிரவுட், அங்கே இருந்த கோவாரோ என்ற சிறு மீனைத் தின்று கொழுத்துப் பெருகியது. சில ஆண்டுகளில் கோவாரோ குறைந்துபோக, டிரவுட்டும் மெலிந்து தேய்ந்தது. இதைச் சரிசெய்ய 1930களில் ஸ்மெல்ட் என்ற இன்னொரு சிறு மீனை ஏரியில் விட்டார்கள். டிரவுட் மீண்டும் தேறியது. உணவுச் சங்கிலியைப் பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டுப் படிக்கிறோம். இங்கே அந்த அம்புக்குறியை மனிதனே வரைந்திருக்கிறான். அதில் கோவாரோதான் பலியானது என்பதையும் மறக்கக்கூடாது.

நமக்குத் தேவையான செய்தி இதுதான்: டாவ்போவில் திரியும் டிரவுட் பெரும்பாலும் தேடுவது விரல் நீளம்கூட இல்லாத, மெல்லிய, வெள்ளி நிற ஸ்மெல்ட்டை. ஆகவே உங்கள் இரையும் சிறிதாக, மெலிதாக, பளபளப்பாக இருக்கட்டும். பெரிய இரைக்குத்தான் பெரிய மீன் என்பது இங்கே செல்லாது. ஏரியடியில் பாறைகளுக்கு இடையே கோவுரா என்ற நன்னீர் இறால் வாழ்கிறது. பாறை நிறைந்த இடத்தில் தரையை ஒட்டி இழுப்பதானால், பழுப்பும் கரும்பச்சையும் கலந்த இரை அதைப்போலத் தோன்றும்.

வேறு எந்த நீருக்குப் போனாலும் முதலில் கரையோரத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். ஓடுவது சிறு மீனா, தத்துவது பூச்சியா, கல்லைப் புரட்டினால் இறாலா? பதில் அங்கேயே கிடைக்கும். கடைக்கு அதன் பிறகு போகலாம்.

மூன்றாம் கேள்வி: எப்படி அசைய வேண்டும்?

மீனின் உடலில் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுவதைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பக்கக் கோடு என்று பெயர். அதற்குள் மயிரிழை போன்ற நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. அருகில் ஏதாவது அசைந்தால் நீர் தள்ளப்படும். அந்தத் தள்ளலை இந்த உணர்விகள் உணர்ந்துகொள்ளும். நம்மிடம் இதற்கு நிகரான புலன் கிடையாது. இருட்டில் நடக்கும்போது முன்னால் வருபவரின் மூச்சுக்காற்று முகத்தில் படுவதை வைத்து ஓரளவு கற்பனை செய்யலாம்.

இந்தப் புலன் எட்டும் தூரம் குறைவு. மீனின் உடல் நீளத்தைப்போல ஓரிரு மடங்குக்குள்தான் அது நன்றாக வேலை செய்யும். தெளிந்த நீரில் தூரத்திலிருந்து மீனை அழைப்பது இரையின் பளபளப்பு. பக்கத்தில் வந்த பின் கவ்வ வைப்பதில் அதிர்வுக்கும் பங்குண்டு. நீர் கலங்கியிருந்தால் அதிர்வுக்குத்தான் அதிக வேலை.

தகடு சுற்றும் ஸ்பின்னர் வகையில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். வேப்பிலைபோல நீண்டு ஒடுங்கிய தகடு, கம்பியை ஒட்டி விரைவாகச் சுற்றும், தடை குறைவு. வேகமாக ஓடும் தெளிந்த ஆற்றுக்கு ஏற்றது. வட்டமான தகடு அகன்று, மெதுவாகச் சுழன்று, நீரை அதிகம் தள்ளும். தேங்கிய நீருக்கும் கலங்கிய நீருக்கும் அது பொருந்தும். இரண்டையும் ஒருமுறை நூலில் கட்டி நீரில் இழுத்துப் பாருங்கள். கோலின் நுனியில் உணரும் துடிப்பே வேறாக இருக்கும்.

இழுக்கும் வேகமும் முக்கியம். குளிர்நீரில் மீனின் உடல் இயக்கம் மந்தமாகும். 8 பாகை நீரில் இருக்கும் மீன், வேகமாக ஓடும் இரையைத் துரத்திச் சக்தியைச் செலவிடத் தயங்கும். அங்கே மெதுவாக இழுக்க வேண்டும். 14 பாகையில் அதே மீன் பாய்ந்து வரும். உங்கள் ரீல் ஒரு சுற்றுக்கு 70 சென்டிமீட்டர் நூலை இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினால் இரையின் வேகம் விநாடிக்கு 0.7 மீட்டர். இரண்டு விநாடிக்கு ஒரு சுற்று என்றால் அதில் பாதி. ஆற்றில் வீசினால் ஓட்டத்தின் வேகத்தையும் கூட்டியோ கழித்தோ பார்க்க வேண்டும். ஓட்டத்துக்கு எதிராக இழுத்தால் ஸ்பூன் அளவுக்கு மீறிச் சுழலும். ஓட்டத்தோடு இழுத்தால் ஆட்டமின்றிச் செத்துப்போகும்.

லௌரி ராபாலா கண்டதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சீராக ஓடும் இரையைவிட, இடையிடையே நின்று தள்ளாடும் இரை எளிதாகப் பிடிபடும் ஒன்றாகத் தெரியும். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை ஒரு விநாடி நிறுத்துங்கள். நிறுத்தி மீண்டும் இழுக்கும் நொடியில்தான் பல மீன்கள் கவ்வுகின்றன.

நான்காம் கேள்வி: எந்த நிறம்?

இப்போது நிறத்துக்கு வருவோம். டிரவுட் நிறம் அறியும் மீன்தான். ஆனால் கடை விளக்கில் நாம் பார்க்கும் நிறம் நீருக்குள் அப்படியே இருப்பதில்லை.

ஒரு பொருள் சிவப்பாகத் தெரிய வேண்டுமானால், முதலில் சிவப்பு ஒளி அதன்மேல் பட வேண்டும். நீர் சிவப்பு ஒளியைத்தான் மிக விரைவாக விழுங்குகிறது. தெளிந்த நீரில் ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஆழத்தில் எஞ்சுவது நீலமும் பச்சையும். பத்து மீட்டர் ஆழத்தில் உங்கள் சிவப்பு இரை கிட்டத்தட்டக் கறுப்பு.

நம் ஊர்ச் சதுப்புக் காட்டு நீர்போல, இலைச்சாறு ஊறித் தே ஓ நிறத்தில் இருக்கும் நீரில் கணக்குத் தலைகீழ். அந்தச் சாறு நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும். எஞ்சுவது மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும். தங்கமும் செம்பும் அங்கே எடுபடும், நீலம் எடுபடாது.

இதைச் சோதிக்க நியூசிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. இன்றிரவே செய்து பாருங்கள். கைப்பேசி விளக்கின்மேல் நீலக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி, அறையை இருட்டாக்குங்கள். சிவப்புப் பேனா, வெள்ளிக் கரண்டி, பாடப்புத்தகத்தில் கோடிடும் பளிச்சென்ற ஆரஞ்சு மார்க்கர் ஆகிய மூன்றையும் அந்த ஒளியில் பாருங்கள். சிவப்புப் பேனா கறுத்துவிடும். கரண்டி, விழும் ஒளியையே திருப்பியனுப்பி நீலமாக மின்னும். மார்க்கர் மட்டும் ஆரஞ்சாகவே ஒளிரும். அதிலுள்ள ஒளிர்சாயம் நீல ஒளியை வாங்கி ஆரஞ்சு ஒளியாக மாற்றித் தருகிறது. ஒளிர்வண்ணம் பூசிய இரைகள் ஆழத்திலும் நிறம் காட்டுவது இதனால்தான். வெள்ளி நிறம் எல்லா ஆழத்திலும் ஓரளவு எடுபடுவது எதனால் என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு செய்தி. மீன் மேல்நோக்கிப் பார்க்கும்போது நீர்ப்பரப்பு முழுவதும் அதற்கு வானமாகத் தெரிவதில்லை. ஒளிவிலகலால், தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள்தான் வெளியுலகம் முழுவதும் தெரியும். அந்த வட்டத்தின் விட்டம் ஆழத்தைப்போல ஏறக்குறைய 2.3 மடங்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு 2.3 மீட்டர் அகலச் சாளரம். அதற்கு அப்பால் நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடிபோல ஏரிக்குள் இருப்பதையே எதிரொளிக்கும். அந்தச் சாளரத்தின் குறுக்கே போகும் இரை, வெளிச்சமான வானத்துக்கு எதிரே ஒரு நிழலுருவம் மட்டுமே. மாலை மங்கும்போதும் இரவிலும் அனுபவசாலிகள் கறுப்பு இரையை எடுப்பது இதற்காக. பார்க்கும் நமக்கு அது மறைந்துபோகிறது. கீழே இருக்கும் மீனுக்கோ அதுதான் தெளிவான உருவம்.

புறஊதா ஒளியில் மின்னும் இரை என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். வானவில் டிரவுட் குஞ்சாக இருக்கும்போது புறஊதா ஒளியை உணரும் செல்கள் அதன் கண்ணில் இருக்கின்றன. வளர வளர அந்தத் திறன் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. நீங்கள் பிடிக்க நினைப்பது குஞ்சையா என்று யோசித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

ஆரஞ்சு நிறம் ராசியானதா?

"எனக்கு ஆரஞ்சுதான் ராசி, பிடித்ததில் பாதி அதில்தான்" என்று சொல்லும் நண்பர் உங்களுக்கும் இருப்பார். அவரிடம் ஒன்று கேளுங்கள்: மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் அந்த ஆரஞ்சு இரை நீரில் இருந்தது? ராசி என்று நம்புவதால் முக்கால்வாசி நேரம் அதையே போட்டிருப்பார். முக்கால்வாசி நேரத்தில் பாதி மீன் என்றால், அது மற்ற நிறங்களைவிட மோசம் என்றல்லவா பொருள்?

இன்னொரு தவறு, இரையை மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவது. நிறம் மாறுகிறது, புதிய இரையின் எடை வேறு என்பதால் ஆழமும் மாறுகிறது, நாமும் இரண்டடி தள்ளி நிற்கிறோம். மீன் கிடைத்ததும் பெருமை நிறத்துக்குப் போகிறது. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் சொல்வதைத்தான் இங்கும் சொல்கிறேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சிறு குறிப்பேட்டில் நாள், நேரம், நீரின் வெப்பநிலை, எண்ணிய விநாடிகள், இரை, வீசிய தடவைகள் ஆகியவற்றை எழுதுங்கள். மீன் கிடைக்காத வீச்சுகளையும் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

கடைசியாக, முள்

அந்த மூன்றாம் நாள் கதையை முடிக்கவில்லை. பெரியவர் சொன்னபடி இருபது எண்ணிவிட்டு இழுத்தேன். நான்காவது வீச்சில் மீன் மாட்டியது. வானவில் டிரவுட், முழங்கை நீளம் இருக்கும். திரும்ப விட்டுவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் இரையில் இருந்தது மும்முனை முள். ஒரு முனை வாயிலும் மற்றொன்று செவுளருகிலும் ஏறியிருந்தது. அதைக் கழற்றிய நேரம், பிறகு படம் எடுத்த நேரம், படம் சரியில்லை என்று மறுபடி எடுத்த நேரம். விட்டபோது மீன் சற்றுத் தூரம் போய், பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தது. அலை அதை மெல்ல அப்பால் கொண்டுபோனது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். செவுளின் மெல்லிய இதழ்களை நீர்தான் விரித்துப் பிடித்திருக்கிறது. வெளியே எடுத்ததும் அவை நனைந்த தாள்கள்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; ஆக்சிஜன் ஏறாது. போராடிக் களைத்து, தசையில் இலாக்டிக் அமிலம் சேர்ந்து, மிக அதிகமாக மூச்சு தேவைப்படும் நேரத்தில் இது நடக்கிறது. கனடாவில் 1992இல் வெளியான ஓர் ஆய்வில், களைத்துப்போகும்வரை நீந்தவிட்ட வானவில் டிரவுட்டுகளில் நீரைவிட்டு எடுக்காதவற்றில் 12 விழுக்காடு இறந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடு. 60 விநாடி வைத்தவற்றில் 72 விழுக்காடு. நான் எடுத்துக்கொண்டது நிச்சயம் அறுபது விநாடிக்கு மேல்.

ஆகவே இரையை வாங்கியதும் அதன் முள்ளையும் பாருங்கள். மும்முனை முள் இருந்தால் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளைப் பொருத்துங்கள். நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்குங்கள். நூலைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் எளிதில் நழுவாது. கழற்றுவதோ ஒரே நொடி. கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள் வைத்தபடியே கழற்றுங்கள். நீர் 20 பாகையைத் தொட்டுவிட்டால் பிடித்து விடும் விளையாட்டே வேண்டாம்.

பெட்டியில் வைக்க ஐந்து

கடைக்குப் போகும் முன் கீழ்க்காணும் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்:

1. வெள்ளி நிறச் சிறு ஸ்பூன், 7 கிராம். விடியற்காலையில், ஆழம் குறைந்த இடத்துக்கு.
2. அதே ஸ்பூன், 14 கிராம். வெயில் ஏறிய பின், ஆழத்துக்கு.
3. வட்டத் தகடு உள்ள தங்க நிற ஸ்பின்னர். மழைக்குப் பின் கலங்கிய நீருக்கு.
4. பழுப்பும் பச்சையும் கலந்த சிறு மீன் வடிவ இரை. பாறை ஓரங்களுக்கு.
5. கறுப்பு இரை ஒன்று. அந்தி நேரத்துக்கு.

இவற்றோடு ஒரு வெப்பமானியும் குறடும். அவ்வளவுதான்.

சட்டத்தையும் மறவாதீர்கள். நியூசிலாந்தில் டிரவுட் பிடிக்க உரிமம் தேவை. டாவ்போ வட்டாரத்துக்குத் தனி உரிமம். அந்த ஏரியில் கலக்கும் பல ஆறுகளிலும் முகத்துவாரங்களிலும் இறகால் கட்டிய பூச்சித் தூண்டிலுக்கு மட்டுமே அனுமதி; ஸ்பூனும் ஸ்பின்னரும் கூடாது. அங்கே டிரவுட்டை விற்பதும் வாங்குவதும் குற்றம். தூண்டில், காலணி, வலை எல்லாவற்றையும் ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் கழுவி உலர்த்த வேண்டும். 2004இல் தென் தீவின் ஆறுகளில் கண்டறியப்பட்ட டிடிமோ என்ற பாசி, ஈரமான பொருள்களோடு பயணம் செய்யக்கூடியது.

நியூசிலாந்துப் பயணம் கைகூடாவிட்டாலும் இந்த நான்கு கேள்விகள் வீணாகா. தெமெங்கோர் ஏரியில் செபாராவுக்கும் தோமானுக்கும் கெவாங் வீசும்போதும் இதே வரிசையில் கேட்டுப் பாருங்கள். அங்கே நீரின் சூடு வேறு, மீனின் தட்டில் இருப்பது வேறு. ஆகையால் விடைகளும் வேறாகத்தான் வரும். அவற்றை உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு முதல் வீச்சை வீசுங்கள்.